அம்மா, அவங்க ஆம்பளையா பொம்பளையா?

குழந்தைகள் கேள்வி கேட்பதற்கு நேரம் காலம் பார்ப்பதில்லை. கோவிலில் தீபாராதனை நடக்கும்போது கேட்கும், கல்யாணப் பந்தியில் கேட்கும், ஓடுகிற பஸ்ஸில் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி கேட்கும். "சாமி எங்க இருக்கு?", "தாத்தா செத்து எங்க போனாரு?" என்பது வரைக்கும் பெற்றோர்கள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். "நான் எங்கிருந்து வந்தேன்?" என்று கேட்டால்கூட, தவிட்டுக்கு வாங்கினோம் என்று காலம் காலமாகச் சொல்லிவரும் ஒரு பதில் தயாராக இருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரையின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு மட்டும் நிறைய வீடுகளில் பதிலே கிடையாது. முறைப்பு உண்டு, கிள்ளு உண்டு, "வாய மூடு" உண்டு. பதில் இல்லை.

ஏற்காடு மலையில் இருக்கும் மஞ்சக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். காபிச் செடி, மிளகுக்கொடி, சில்வர் ஓக் மரம் என்று இருக்கிற மலைப்பகுதி. தீபாவளிக்குத் துணி எடுப்பது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவது என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி சேலத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கிருந்து ஒரு அம்மா தன் ஆறு வயதுப் பிள்ளையோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு திருநங்கை கைதட்டிக் காசு கேட்டபடி வருகிறார். பிள்ளை சேலையைப் பார்க்கிறது, பூவைப் பார்க்கிறது, குரலைக் கேட்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. சத்தமாகக் கேட்டுவிடுகிறது.

"அம்மா, அவங்க ஆம்பளையா பொம்பளையா?"

"உஷ்... அந்தப் பக்கம் பாக்காத!"

அவ்வளவுதான். அம்மா எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறார். ஆனால் அந்த இரண்டு நொடியில் பிள்ளை மூன்று பாடம் படித்துவிட்டது. ஒன்று, அந்த மாதிரி ஆட்களைக் கண்டால் பயப்பட வேண்டும். இரண்டு, அவர்களைப் பற்றி நல்லவர்கள் பேச மாட்டார்கள். மூன்றாவதுதான் முக்கியமானது. இந்த விஷயத்தை அம்மாவிடம் கேட்கக் கூடாது.

இந்த மூன்றாவது பாடத்துக்குப் பிற்பாடு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

எதைப் பற்றிய பேச்சு இது?

பெற்றோர்கள் வாயை மூடிக்கொள்வதற்கு முதல் காரணம் ஒரு குழப்பம். "பால்" என்று தொடங்கும் எந்தச் சொல்லைக் கேட்டாலும் அது படுக்கையறை விஷயம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கேள்வியில் படுக்கையறை எங்கே இருக்கிறது? அது கேட்பது மூன்று விஷயங்களைத்தான். அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

முதலாவது, உடம்பு. பிறந்தவுடன் நர்ஸ் பார்த்துச் சொல்வது. இதைப் பால் என்கிறோம். இரண்டாவது, மனசு தன்னை யாராக உணர்கிறது என்பது. இது பாலின அடையாளம். மூன்றாவது, ஊர் வகுத்து வைத்திருக்கும் உடை, முடி, வேலை, விளையாட்டு. இன்னார் இன்னதைச் செய்ய வேண்டும் என்கிற கணக்கு. யார் மேல் காதல் வருகிறது என்பது இந்த மூன்றிலும் சேராத நான்காவது விஷயம். பிள்ளை வளர்ந்து அதைக் கேட்கும்போது பேசிக்கொள்ளலாம்.

மூன்றாவதில் இருந்து தொடங்குவதுதான் சுலபம். நம் ஊரிலேயே உதாரணங்கள் கொட்டிக் கிடக்கின்றன. கொள்ளுத் தாத்தாக்கள் குடுமி வைத்திருந்தார்கள், காதில் கடுக்கன் போட்டிருந்தார்கள். காதுகுத்து நம் வீடுகளில் ஆண் பிள்ளைக்கும் உண்டு, பெண் பிள்ளைக்கும் உண்டு. தெருக்கூத்தில் திரௌபதி வேஷம் கட்டி விடிய விடிய ஆடுபவர் ஆண். டி.கே. சண்முகம் என்ற நாடகக் கலைஞர் ஔவையாராக நடித்துப் புகழ் பெற்று, ஊரே அவரை "அவ்வை சண்முகம்" என்று கூப்பிட்டது. வேஷத்தைக் கலைத்தபின் அவர் ஆண்தான். ஆக, உடை வேறு, ஆள் வேறு. ஒரு பையன் வாசலில் கோலம் போட்டால் அவன் கோலம் போடுகிற பையன். ஒரு பெண் பிள்ளை மரம் ஏறினால் அவள் மரம் ஏறத் தெரிந்த பெண். அதற்கு மேல் அதில் எதையும் தேட வேண்டியதில்லை. இதைப் புரிய வைக்க எந்தப் பெற்றோருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை.

அடுத்தது உடம்பு. பெண்ணுக்கு எக்ஸ்எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்ஒய் என்று பள்ளிக்கூடத்தில் குரோமோசோம் பாடம் நடத்துகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது சரி. ஆனால் இயற்கை எல்லாரையும் அந்த இரண்டு பெட்டிக்குள் அடைப்பதில்லை. சில குழந்தைகள் பிறக்கும்போதே இரண்டுக்கும் நடுவிலான உடலமைப்போடு பிறக்கிறார்கள். சிலருக்கு வெளித்தோற்றம் ஒன்றாகவும் குரோமோசோம் வேறாகவும் இருக்கும். இவர்களை ஊடுபால் என்கிறோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, 2006-ல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற சாந்தி சௌந்தரராஜனை நினைத்துப் பாருங்கள். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் எந்த ஏமாற்று வேலையும் செய்யவில்லை. உடம்பைப் பற்றி உலகம் வைத்திருந்த கணக்கு போதவில்லை, தண்டனை மட்டும் ஓடியவருக்கு.

கடைசியாக மனசு. குழந்தைகள் ஏறக்குறைய இரண்டு வயதிலேயே ஆண், பெண் உடல் வித்தியாசத்தைக் கவனிக்கிறார்கள், மூன்று வயதில் தன்னை இன்னார் என்று சொல்லிக்கொள்கிறார்கள், நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அந்த உணர்வு நிலைத்துவிடுகிறது என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு உடம்பும் மனசும் ஒத்துப்போகும். அதனால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, சரியான அளவுச் செருப்பைப் போட்டவருக்குச் செருப்பின் நினைப்பே வராத மாதிரி. சிலருக்கு ஒத்துப்போவதில்லை. ஆண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் திருநங்கை. பெண் என்று சொல்லி வளர்க்கப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர் திருநம்பி. இது மனநோயா? இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், மனநோய்கள் பகுதியில் இருந்தே இதை எடுத்துவிட்டார்கள்.

தமிழ் தரும் வசதி

இங்கிலீஷில் ஒருவர் வந்தார் என்று சொல்ல வினைச்சொல்லில் ஆணா பெண்ணா என்று காட்ட வேண்டியதில்லை. தமிழில் அப்படி முடியாது. வந்தான், வந்தாள் என்று கடைசி எழுத்திலேயே பால் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் தமிழ்க் குழந்தை பேசப் பழகும்போதே ஆண், பெண் பிரித்துப் பார்க்கவும் பழகிவிடுகிறது. ஐந்து பால்களையும் அப்புறம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறது.

ஆனால் இதே தமிழில் ஒரு வசதியும் இருக்கிறது. வந்தார், வந்தாங்க. இதில் ஆண் பெண் கிடையாது, மரியாதை மட்டும்தான். அந்த பஸ் ஸ்டாண்ட் பிள்ளையின் கேள்வியை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். "அவங்க" என்றுதான் கேட்டது! யாரும் சொல்லித் தராமலே சரியான சொல் அதன் வாயில் இருந்தது. "அது", "அதுங்க" என்று பேசப் பழகுவதெல்லாம் பெரியவர்களைப் பார்த்துத்தான்.

இதற்கு இலக்கணமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு எந்த முடிவு வரும் என்று ஒரு விதி வருகிறது. அவர்களுக்கென்று தனி ஈறு இல்லை, உயர்திணையின் பால் ஈறுகளையே கொள்வார்கள் என்பது அதன் சாரம். அவர்கள் உயர்திணை. அஃறிணையில் தள்ள இடமே இல்லை. அதே சூத்திரத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருப்பது தெய்வத்தின் பெயர். தமிழின் மிகப் பழைய இலக்கண நூல் கொடுத்த மரியாதையை இன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் கொடுப்பதற்கு என்ன தயக்கம்?

வீட்டில் ஒரு பெற்றோர் செய்யக்கூடிய முதல் காரியம், "அது" என்ற சொல்லை மனிதர்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது. இரண்டாவது, "ஒம்போது" என்று எண்ணைச் சொல்லிக் கேலி செய்வதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பது. வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் நம்பர் வந்த பையனைக் கேட்டுப் பாருங்கள், வருஷம் பூராவும் என்ன பாடுபட்டான் என்று சொல்வான். அந்தக் கேலியைப் பிள்ளைகள் சினிமா காமெடியிலும், அதைப் பார்த்துச் சிரித்த வீட்டு ஹாலிலும்தான் கற்றார்கள்.

கதையில் கும்பிடு, தெருவில் விரட்டு

சேலத்துப் பக்கத்துக் குழந்தைகளுக்கு திருச்செங்கோட்டு மலை தெரியாமல் இருக்காது. ஒரே உருவத்தில் வலது பக்கம் ஆண், இடது பக்கம் பெண் என்று நிற்கும் அர்த்தநாரீஸ்வரரைப் பார்த்து எந்தக் குழந்தையும் பயந்து அழுததில்லை. "சாமி பாதி அப்பா, பாதி அம்மா" என்று சொன்னால் சரி என்று தலையாட்டிவிட்டு பொரியைத் தின்னப் போய்விடும். பாரதக் கதையில் சிகண்டி வருகிறார். களப்பலிக்கு முன் அரவானுக்காகக் கண்ணன் மோகினியாகி மணம் முடித்த கதையை வைத்து, கூவாகம் கூத்தாண்டவர் கோவிலில் சித்திரை மாதம் ஊரே திரள்கிறது.

கதை சொல்லிப் புரிய வைப்பது நல்ல வழிதான். ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. சாமி வேறு, பக்கத்துத் தெரு அக்கா வேறு. அவருக்கு வரம் தரும் சக்தி கிடையாது, சாபம் பலிக்கும் என்பதும் கிடையாது. பசிக்கும், வாடகை கொடுக்க வேண்டும், அவமானப்பட்டால் வலிக்கும். "ஏம்மா அவங்க காசு கேக்கறாங்க?" என்று பிள்ளை அடுத்த கேள்வி கேட்டால் அதற்கும் உண்மையான பதில் இருக்கிறது. "நெறைய பேரு அவங்களுக்கு வேலை குடுக்கறதில்ல கண்ணு. சின்ன வயசுலயே ஸ்கூல்ல கேலி பண்ணி, படிக்க விடாம பண்ணிட்டாங்க."

இது வெறும் இரக்கப் பேச்சில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் முதல்முறையாக ஆண், பெண் தவிர "பிற" என்ற பிரிவு தனியாக எண்ணப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேர். அவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 56 சதவீதம்தான். நாட்டின் பொதுச் சராசரியோ 70-ஐத் தாண்டியிருந்தது. இந்த இடைவெளி எங்கே விழுந்தது? பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும்தான். அதே கணக்கெடுப்பில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அந்தப் பிரிவில் 54,854 பேர் ஆறு வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகள். அந்தக் குழந்தைகள் தாங்களாகப் படிவம் நிரப்பவில்லை. வீட்டில் பெரியவர் யாரோ கணக்கெடுக்க வந்தவரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்.

நம் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தால்?

இதுவரை பேசியது அடுத்தவரைப் பற்றி. உண்மையான பயம் இங்கேதான் இருக்கிறது. "இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை அப்படி ஆகிவிடுமோ?"

நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த எழுத்தாளர் அ. ரேவதியின் வாழ்க்கை இதற்குப் பதில் சொல்கிறது. அவர் பிறந்தபோது நாமக்கல் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்தக் கிராமத்தில் இன்டர்நெட் இல்லை, யாரும் பாலின அடையாளம் பற்றி வகுப்பு எடுக்கவில்லை. வீட்டுக்குக் கடைசிப் பையனாக வளர்ந்த அவருக்குத் தான் பெண் என்ற உணர்வு இருந்தது. வீட்டில் அடி விழுந்தது. கடைசியில் வீட்டை விட்டு ஓடினார், டெல்லி வரைக்கும். பிற்பாடு அவர் எழுதிய சுயசரிதை 2010-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழில் அதன் பெயர் "வெள்ளை மொழி". யாரும் சொல்லிக் கொடுக்காததால் அவர் மாறிவிடவில்லை. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாததால், தனக்கு என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் வளர்ந்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

சேலத்திலேயே பிறந்து வளர்ந்த பிரித்திகா யாஷினியும் இருக்கிறார். சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு அவர் போட்ட விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. நீதிமன்றம் போனார். 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. 2017-ல் தருமபுரி மாவட்டத்தில் சப் இன்ஸ்பெக்டராகப் பணியில் சேர்ந்தார். "அவங்கள்லாம் என்னம்மா வேலை பாப்பாங்க?" என்று கேட்கும் குழந்தைக்கு, மலையடிவாரத்து ஊரிலேயே பதில் இருக்கிறது. மதுரைக்காரரான நர்த்தகி நடராஜ் 2019-ல் பத்மஸ்ரீ வாங்கினார். அதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதற்கு நேர் எதிரான அவசரமும் வேண்டாம். பொம்மைக்குச் சேலை கட்டும் பையனைப் பார்த்ததும் முத்திரை குத்தத் தேவையில்லை. பிள்ளை சொல்வதைக் கேட்க வேண்டும், அடிக்கக் கூடாது, மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. காலம்தான் தெளிவாகக் காட்டும். ஊடுபால் குழந்தைகள் விஷயத்தில் சட்டமே இதைத்தான் சொல்கிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் சொன்ன தீர்ப்பைத் தொடர்ந்து, அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்ற நிலை இருந்தாலன்றி, ஊடுபால் குழந்தைகளை ஆண் அல்லது பெண் ஆக்குவதற்கு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது. இந்தியாவில் இப்படித் தடை போட்ட முதல் மாநிலம் இது. வளர்ந்து தானே முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் பொருள்.

தெரியாது என்று சொல்லலாம்

"எங்களுக்கே இதெல்லாம் சரியா தெரியாதே, எப்படிச் சொல்லித் தருவது?" என்று கேட்கும் பெற்றோர்களுக்கு ஒரு நீதிபதியின் கதை ஆறுதலாக இருக்கும். வீட்டாரின் எதிர்ப்புக்குப் பயந்து மதுரையில் இருந்து சென்னைக்கு வந்து சேர்ந்து வாழ்ந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. அந்தப் பெண்களையும் பெற்றோர்களையும் ஆலோசகரிடம் அனுப்பினார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். இந்த விஷயத்தில் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தானும் ஒரு உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகுதான் 2021 ஜூன் 7-ம் தேதி உத்தரவு எழுதினார். இவர்களை "மாற்றுகிறோம்" என்று மருத்துவம் பார்க்கத் தடை சொன்ன அந்த உத்தரவு, பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் வழியாகப் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்றும் சொன்னது. கௌரவமான சொற்கள் வேண்டும் என்று அந்த வழக்கிலேயே எழுந்த பேச்சின் விளைவாக, 2022-ல் தமிழ்நாடு அரசு ஒரு சொற்பட்டியலையே வெளியிட்டது.

உயர் நீதிமன்ற நீதிபதி "தெரியாது, கற்றுக்கொள்கிறேன்" என்று சொல்லலாம் என்றால், காபித் தோட்டத்தில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வரும் அம்மாவும் சொல்லலாம். "எனக்கும் சரியா தெரியல கண்ணு, கேட்டுட்டு வந்து சொல்றேன்." இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டு வந்து சொல்ல வேண்டும், அதுதான் முக்கியம்.

வயதுக்கு ஏற்ற அளவில் சொன்னால் போதும். நான்கைந்து வயதில், உடம்பின் எல்லாப் பாகத்துக்கும் சரியான பெயரைச் சொல்லித் தருவது. பெயர் தெரிந்த குழந்தைக்குத்தான், யாராவது தப்பாகத் தொட்டால் வீட்டில் வந்து விளங்கச் சொல்ல முடியும். ஆறேழு வயதில் பஸ் ஸ்டாண்ட் கேள்வி வந்தால், "அவங்க திருநங்கை. பொறந்தப்ப எல்லாரும் பையன்னு நெனச்சாங்க. ஆனா அவங்க மனசுக்கு அவங்க பொண்ணு. நீ அக்கான்னு கூப்பிடு." நான்கு வரி. பிள்ளை அடுத்து பலூன் கேட்கும். பத்து, பதினொரு வயதில் பருவம் வருவதற்கு முன்னாலேயே உடம்பில் என்னென்ன மாறும் என்று ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சொல்லிவிடுவது. அதோடு, "உன் கிளாஸ்ல யாரையாவது இப்படிக் கேலி பண்ணா நீ சேந்து சிரிக்காத" என்ற ஒரு வரியும். பெற்றோர் சொல்லாவிட்டால் மொபைல் சொல்லும். அது எதைச் சொல்லும், எப்படிச் சொல்லும் என்று யாருக்கும் தெரியாது.

மலை ஊர்களில் இதற்கு இன்னும் அவசரம் உண்டு. பெரிய நகரத்தில் ஒரு பிள்ளை கொஞ்சம் வித்தியாசமாக இருந்தால் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம். மஞ்சக்குட்டை மாதிரி எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த இடத்தில் ஒளிய இடமில்லை. அங்கே ஒரு பிள்ளைக்குப் புரிதல் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் சொந்த வீட்டில்தான் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் மிச்சமிருப்பது கீழே இறங்கும் ரோடு ஒன்றுதான். 15 வயதில் தனியாக, கையில் காசில்லாமல், யாரையும் தெரியாத ஊருக்கு.

நூற்றில் தொண்ணூற்றொன்பது வீட்டில் அப்படி ஒரு நிலைமை வராமலே போகலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நாளைக்கு ஆசிரியராவார்கள், போலீஸாவார்கள், வீடு வாடகைக்கு விடுவார்கள், வேலைக்கு ஆள் எடுப்பார்கள். எதிரில் வந்து நிற்பவரை "வாங்க" என்பதா, "போ" என்பதா என்று அப்போது அவர்கள் யோசிக்க மாட்டார்கள். ஆறு வயதில் எது காதில் விழுந்ததோ அதுதான் வாயில் வரும்.

மிச்சமிருக்கும் அந்த ஒரு வீட்டில், பிள்ளை என்றைக்காவது ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பிக்கும். ஆரம்பிக்க வேண்டும். அதற்கான தைரியத்தை அம்மாவும் அப்பாவும் முன்கூட்டியே, சின்னச் சின்னப் பதில்களாகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.